ட்ரம்மில் மிஞ்சிய கரைசல்

தாமரைச்செல்விக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கிவிடும். தோட்டத்துக்கு வேலைக்கு வரும் பெண்களுக்கு அது நன்றாகத் தெரியும். வெண்டையை முற்றவிட்டுப் பறித்தாலோ, தக்காளிப் பாத்தியை மிதித்துவிட்டாலோ, பக்கத்தில் வந்து நின்று ஒரு வார்த்தை மெதுவாகச் சொல்வாள். அன்று முழுவதும் அந்தப் பெண் தலைநிமிர மாட்டாள்.

நாகமலைக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி அவளுக்கு அறுபது சென்ட் நிலம் இருந்தது. அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. கத்தரி, தக்காளி, வெண்டை, பந்தலில் பாகலும் புடலையும். ஆறு வருடமாக அந்த மண்ணில் கடை உரம் ஒரு பிடி விழுந்ததில்லை. கிணற்றடி ஷெட்டில் வரிசையாக நீல ட்ரம்கள் நிற்கும். பெரியதில் சாணியும் கோமியமும் வெல்லமும் பயறு மாவும் ஒரு கை வயல்மண்ணும் போட்டுக் கரைத்த ஜீவாமிர்தம். சின்னதில் மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு ஊறவைத்த மீன் அமிலம். முதல் வாரம் பக்கத்தில் போக முடியாது, குடலைப் புரட்டும். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் பழுத்த பழம் மாதிரி மணக்கும். அந்த வாசனை மாறும் நாளை ஒச்சாயி மூக்காலேயே சொல்லிவிடுவாள்.

ஒச்சாயிக்கு ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள் அஸ்வினி, கல்யாணமாகி மேலூரில் இருந்தாள். தோட்டத்தில் முதல் நாளிலிருந்து இருப்பவள் ஒச்சாயிதான். காலையும் மாலையும் ஆளுயரக் கம்பை விட்டு ட்ரம்களைக் கிண்டுவது அவள் வேலை. ஷெட்டுச் சாவி இரண்டில் ஒன்று அவள் இடுப்பில் தொங்கும்.

தாமரைச்செல்வியின் கணவன் பால்பாண்டி ஊர் முக்கில் உர மருந்துக்கடை வைத்திருந்தான். சுற்றுப்பட்டில் பத்து ஊருக்கு அவன் கடைதான். பூச்சிக்கு, களைக்கு, பூ உதிராமலிருக்க, காய் பளபளக்க என்று எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு பாட்டில் இருந்தது. கல்யாணமான புதிதில் தாமரைச்செல்வியும் கடையில் உட்கார்ந்தவள்தான். மருந்து வாடையில் தலைவலி தாங்காமல்தான் அப்பா நிலத்துக்குப் போக ஆரம்பித்தாள். போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். பால்பாண்டி முதலில் சிரித்தான். "சாணியக் கரைச்சுக்கிட்டுக் கெட, பொழுது போகும்ல" என்றான். காய் நன்றாக வந்தபோது சிரிப்பதை நிறுத்தினான்.

காய்கள் விளாங்குடிக்குப் போயின. அங்கே பெர்சி டீச்சர் இருந்தார், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவருடைய சபைக் குடும்பங்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள் என்று நாற்பது வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டு எழுதி, சனிக்கிழமை காலையில் தன் வீட்டுப் போர்டிகோவிலேயே பை பையாகப் பிரித்துக் கொடுப்பார். தாமரைச்செல்வி காய் மூட்டையோடு ஆட்டோவில் போய் இறங்கினால், டீச்சர் முதலில் ஒரு பிஞ்சு வெண்டையை எடுத்து அப்படியே கடித்துக்காட்டுவார். "கழுவக்கூட வேண்டாம்மா, பாருங்க" என்பார் மற்றவர்களிடம்.

வம்பு ஒரு வீடியோவில் தொடங்கியது. தோட்டங்களைப் படம் பிடித்து யூடியூபில் போடும் ஒருவர் வந்து, தாமரைச்செல்வியை ட்ரம் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசச் சொன்னார். எல்லாம் பேசி முடித்த பிறகு, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று கேட்டார். அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "அவரு மருந்துக்கடை வச்சிருக்காரு. நான் எங்க வீட்டுக்கே அந்த மருந்த அண்டவிட மாட்டேன்." பக்கத்தில் கிண்டிக்கொண்டிருந்த ஒச்சாயி கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தமான சிரிப்பு. வீடியோவை அந்தச் சிரிப்போடு முடித்திருந்தார்கள்.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அது போனது. கடைக்கு வருகிறவர்கள் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டே, "என்ன மாப்ள, ஒன் வீட்டுக்கே ஒன் மருந்து ஆகாதாமே" என்றார்கள். பால்பாண்டி அதையெல்லாம் தாங்கிக்கொண்டான். மதுரையில் ஒரு ஓட்டலில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் டீலர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கம்பெனி ஆள் பெரிய திரையில் அந்த வீடியோவைப் போட்டுவிட்டு, "இதுல வர்ற வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரு, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்கண்ணே" என்றான். நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். பால்பாண்டி எழுந்து நின்றான். சிரிப்பு அடங்குவதற்கு வெகுநேரமானது. அவன் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்துவிட்டான். வீட்டில் இதைச் சொல்லவில்லை. தாமரைச்செல்வி, "விருந்து எப்படிங்க?" என்று கேட்டதற்கு, "நல்லாருந்துச்சு" என்றான்.

பெர்சி டீச்சரின் சபையில் அறுப்பின் பண்டிகை வருவதாக இருந்தது. காணிக்கையாக வரும் காய்கனிகளை ஏலம் விடுவார்கள். அந்த வருடம் சர்ச் வளாகத்திலேயே தாமரைச்செல்விக்கு ஒரு தனிப் பந்தல் போட்டுத் தருவதாக டீச்சர் பேசிவைத்திருந்தார். இன்னும் பதினைந்து நாள். கத்தரி பூவும் பிஞ்சுமாக நின்றது. தக்காளி காய் பிடித்திருந்தது. பண்டிகைக்கு எல்லாம் ஒன்றாக வந்து விழவேண்டும் என்று தாமரைச்செல்வி நாளெண்ணிக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றாக ஒரு ட்ரம் ஜீவாமிர்தத்தைத் தண்ணீரில் கலந்து, செடிக்குச் செடி அவளே தூரில் ஊற்றினாள். மிச்சத்தை வடிகட்டி இலைமேல் தெளித்தாள். முதுகு விட்டுப்போனது. அடுத்த கரைசலுக்கு உறையாக இருக்கட்டும் என்று வழக்கம்போல் கால் ட்ரம்மை மீதி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் தக்காளிக் கொழுந்துகள் தலை தொங்கின. வெயில் என்று நினைத்தாள். அதற்கடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தபோது தண்டுகள் கயிறு முறுக்கின மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தன. கத்தரி இலை கிண்ணம்போலக் கவிழ்ந்திருந்தது. வெண்டை இலை நரம்பு நரம்பாக இழுத்துக்கொண்டு கோழிக்காலாகிவிட்டது. பந்தலில் பாகல் கொடியின் நுனிகள் சுருண்டு வெளுத்திருந்தன.

அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வயலில் அடித்த களை மருந்து காற்றில் வந்து விழுந்து கெட்ட பருத்திச் செடிகளைச் சம்சாரிகள் பிடுங்கிக்கொண்டு கடைக்கு வந்து நிற்பதை அவள் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். ஆனால் காற்றில் வந்ததென்றால் ஓரத்துச் செடிகள்தான் கெடும். இது அறுபது சென்ட்டிலும் ஒரு செடி தப்பாமல் இருந்தது. எந்த வரிசையில் எத்தனை செடி என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். அத்தனைக்கும் தன் கையாலேயே ஊற்றியிருக்கிறாள் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பால்பாண்டி வந்து பார்த்தான். ஒரு தக்காளித் தண்டை ஒடித்து மோந்தான். "களை மருந்துதான். ட்ரம்முல கலந்துருக்கு" என்றான்.

"யாருங்க இப்படிச் செய்வா?"

அவன் தண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, "காலைல சாயங்காலம் அதக் கிண்டுறது யாரு? சாவி யார்ட்ட இருக்கு?" என்றான். பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, "போன வாரம் ஒச்சாயி கடைல ஒரு பாட்டிலு வாங்கிட்டுப் போனா. யாரோ கோரைப்புல்லுக்கு அடிக்கக் கேட்டாகன்னா. நானும் குடுத்துட்டேன்."

"அவளுக்கு எம்மேல என்ன கோவம்?"

"போன்ல எல்லாம் ஒன் மொகம் வருது. கிண்டுறவ மொகம் எங்க வருது?" என்றான்.

வீடியோ வந்த பிறகு, "என்னைய ஒத்த வார்த்தை பேசச் சொல்லலையே தாமர" என்று ஒச்சாயி ஒருநாள் கேட்டிருந்தாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். இப்போது அது தாமரைச்செல்விக்கு வேறு மாதிரி நினைவுக்கு வந்தது.

ஒச்சாயி அப்போது பாகல் பந்தலடியில் மற்ற மூன்று பெண்களோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். கருகிய கொடியைக் கையில் பிடித்திருந்தாள். தாமரைச்செல்வி அவளை ஷெட்டுக்குக் கூப்பிட்டாள். மற்றப் பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். பால்பாண்டி கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"ட்ரம்முல என்ன ஊத்துன?" தாமரைச்செல்வியின் குரல் இறங்கியிருந்தது.

ஒச்சாயிக்குப் புரியவில்லை. "என்ன ஊத்துனேன்? நீ அளந்து குடுத்தத ஊத்துனேன்."

"களை மருந்து ஊத்துனியா?"

"ஆத்தாடி! தாமர, யாருகிட்ட என்ன கேக்குற? ஆறு வருசமா எம்புள்ள கணக்கா..."

"அழுகாத. ஊத்தலைல?"

"எம்மக மேல சத்தியமா ஊத்தல."

"அப்ப இதுல ஒண்ணும் இல்ல. அப்படித்தான?"

தாமரைச்செல்வி ட்ரம்மின் மூடியைத் தள்ளினாள். அடியில் கிடந்த கால்பங்கிலிருந்து பெயிண்ட் டப்பாவில் மொண்டாள். பழுப்பாக, நுரை கட்டிப் புளித்து மணந்தது. ஒச்சாயியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"குடி."

ஒரு பெண், "யக்கா, வேணாம்க்கா" என்றாள். தாமரைச்செல்வி திரும்பவில்லை.

"நீ ஒண்ணும் கலக்கலைன்னா இது வெறும் சாணித் தண்ணிதான். நானே வாயில வச்சுப் பாத்துருக்கேன், நீயும் பாத்துருக்க. கலந்திருந்தா குடிக்க மாட்ட. குடி பாப்போம்."

ஒச்சாயி அவளைப் பார்த்தாள். பிறகு சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். கிணற்றுச் சுவரில் நின்ற பால்பாண்டியையும் பார்த்தாள். டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

தாமரைச்செல்விக்கு அந்த ட்ரம்மில் விஷம் இருப்பது தெரியும். யார் போட்டது என்பதில்தான் சந்தேகம், இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. டப்பாவைத் தட்டிவிட அவளுக்கு நேரம் இருந்தது. ஒச்சாயி மூக்கைச் சுளித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மிடறு குடித்து, கமறி, மறுபடி குடித்தாள். அரை டப்பா தீர்ந்திருக்கும். தாமரைச்செல்வி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

"போதுமா?" என்றாள் ஒச்சாயி. முகவாயிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள். அடுத்த நிமிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்தாள்.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் வாந்தி. பால்பாண்டிதான் முன்னால் நின்று எல்லாம் பேசினான். "தோட்டத்து ட்ரம்முல மருந்தக் கலந்துட்டா சார். கேட்டதும் பயந்துபோயி, அதையே குடிச்சுட்டா" என்றான். ஒச்சாயியின் மூக்கில் குழாய் இருந்தது, அவளால் பேச முடியவில்லை. டாக்டர் தாமரைச்செல்வியைத் திரும்பிப் பார்த்தார். "அப்படித்தானாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள்.

கூட நின்ற மூன்று பெண்களுக்கும் நடந்தது தெரியும். ஆனால் மூன்று பேர் வீட்டுக்காரர்களுக்கும் பால்பாண்டி கடையில் கடன் நின்றது. ஊருக்குள் கதை பால்பாண்டி சொன்னபடியே நிலைத்தது: ஒச்சாயி பொறாமையில் தோட்டத்தைக் கெடுத்தாள், குட்டு உடைந்ததும் சாகப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் ஒச்சாயி பிழைத்துக்கொள்வாள் என்று சேதி வந்தது. மதியச் சாப்பாட்டின்போது தாமரைச்செல்வி கணவனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. மருந்து இருக்குன்னு தெரிஞ்சவ அப்படிக் குடிக்க மாட்டா. அவ மூஞ்சியப் பாத்தேன்ல. அவளுக்குத் தெரியல."

பால்பாண்டி சோற்றைப் பிசைந்தபடி, "அவளுக்கு எப்படித் தெரியும்? ஊத்துனது நான்ல" என்றான்.

கரண்டி அவள் கையிலேயே நின்றது.

"ரெண்டு லிட்டரு. சாணி வாடைல அது தெரியாது. ஒன் சாவிய எடுத்துட்டுப் போயி ஊத்துனேன். நூறு பேருக்கு முன்னாடி என்னையக் கோமாளியா நிக்க வச்சேல்ல? இப்ப நீ நின்னு பாரு, எப்படி இருக்குன்னு."

"ஒரு உசுரு போயிருக்குமே! பாவி, பாத்துக்கிட்டு நின்னியே!"

"இந்தா, கத்தாத." அவன் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நான் செடியத்தான் கொன்னேன். நீ அவளக் குடிக்கச் சொல்லுவேன்னு நான் கண்டனா? மனுசிக்கு மொண்டு குடுத்தது நீயி. போலீசுக்குப் போறியா, போ. மொத கேள்வி ஒன்னையத்தான் கேப்பாங்க." பிறகு தட்டை நகர்த்தி, "மோரு இருக்கா?" என்றான்.

அவள் எழுந்துபோய் மோர் எடுத்து வந்து ஊற்றினாள். அப்படி ஏன் செய்தாள் என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். கை பழக்கத்தில் செய்துவிட்டது என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

ஒச்சாயி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் கழித்து, பெர்சி டீச்சர் ஸ்கூட்டரில் தோட்டத்துக்கு வந்தார். காய்ந்து கிடந்த பாத்திகளைப் பார்த்துக் கண் கலங்கினார். தாமரைச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பண்டிகை போனா போகட்டும்மா, அடுத்த வருஷம் பார்ப்போம். ஆனா மனசுல கசப்பை வச்சுக்கக்கூடாது. அந்த அம்மாவுக்காகவும் நாங்க ஜெபம் பண்ணினோம். வாங்க, ரெண்டு பேருமாப் போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றார்.

"வேணாம் டீச்சர்."

"கஷ்டமாத்தான் இருக்கும். உங்களை மாதிரி நல்லவங்களாலதான் அது முடியும்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். டீச்சர் அவள் கையை விடவே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவரிடம், அந்தக் கையால்தான் விஷத்தை மொண்டு கொடுத்தேன் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ஒச்சாயி வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். அஸ்வினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். டீச்சர் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ரொட்டியையும் கட்டிலில் வைத்தார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"இருக்கேன்." குரல் அரம்போல வந்தது. "கஞ்சிதான் எறங்குது."

"தப்புங்கிறது மனுஷங்க எல்லாரும் பண்றதுதான். நீங்க அதையே நெனைச்சு உடம்பைக் கெடுத்துக்காதீங்க. தாமரை எல்லாத்தையும் மன்னிச்சிட்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்திருக்காங்க."

ஒச்சாயி டீச்சரைப் பார்க்கவில்லை. தாமரைச்செல்வியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. எதையோ எதிர்பார்த்துக் காத்திருப்பது மட்டும் தெரிந்தது.

"மன்னிச்சுட்டாளா?" என்றாள். "அவ வாயால சொல்லட்டும் டீச்சர். கேட்டுக்கிர்றேன்."

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அஸ்வினி கதவோரம் வந்து நின்றாள். டீச்சர் தாமரைச்செல்வியின் முதுகில் மெல்லத் தட்டினார், மேடையேறத் தயங்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல.

தாமரைச்செல்வி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள் என்று இன்றுவரை அவள் நம்புகிறாள்.

"மன்னிச்சுட்டேன்" என்றாள்.

ஒச்சாயி மெதுவாகத் தலையாட்டினாள். கால்களைக் கட்டிலின் மேலே இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். வழியில் டீச்சர், "பாருங்க, எவ்வளவு பெரிய பாரம் இறங்கியிருக்கும் அவங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

அதற்குப் பிறகு ஒச்சாயியை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தானாகவே களையெடுக்கப் போனால், தண்ணீர்க் குடத்தை அவள் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தார்கள். இரண்டு மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு மேலூருக்குப் போய்விட்டாள். மழை பெய்து மண் தெளிந்ததும் தாமரைச்செல்வி மறுபடி விதை போட்டாள். பால்பாண்டி கேட்காமலே புது ட்ரம் ஒன்று வாங்கி வந்து ஷெட்டில் இறக்கினான். கடையில் யாராவது கிண்டல் செய்தால் இப்போது அவனும் சேர்ந்து சிரித்தான். அடுத்த பண்டிகைக்கு அவள் பந்தல்தான் பெரிது. டீச்சர் மைக்கில் அவளைப் பற்றிப் பேசும்போது மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் தாமரைச்செல்வி வீட்டுக்குப் போகாமல் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். மேலூர் பஸ் ஒன்றில் ஏறினாள். ஒச்சாயியின் விலாசம் தெரியாது, போய் விசாரிக்கலாம் என்று நினைத்திருந்தாள். நடுச்சீட்டில் ஒச்சாயியே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி அட்டையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. தாமரைச்செல்வி உட்கார்ந்தாள். ஒச்சாயி நகரவில்லை.

பஸ் கிளம்பியது. தாமரைச்செல்வி, "யக்கா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ட்ரம்முல ஊத்துனது நீ இல்ல. எங்க வீட்டுக்காரருதான்" என்றாள். அவளுக்கு அழுகை வந்தது.

ஒச்சாயி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "நான் ஊத்தலைன்னு என்கிட்டச் சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த? அது எனக்கு அன்னைக்கே தெரியுமே" என்றாள்.

கண்டக்டர் வந்து நின்றார். "எங்க போகணும்மா?"

தாமரைச்செல்வி ஒச்சாயியைப் பார்த்தாள். ஒச்சாயி, "அவுக ஒத்தக்கடைல எறங்கிருவாக" என்றாள் கண்டக்டரிடம்.

மேலூருக்கு வெகு முன்னாலேயே, ஒத்தக்கடையில் தாமரைச்செல்வி இறங்கிக்கொண்டாள். அங்கிருந்து ஊருக்குத் திரும்ப இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது.